முட்டை பதினொன்று, காற்று வடமேற்கு

வரிக்கு நான்கு டாலர் என்றார்கள் பத்திரிகை அலுவலகத்தில்.
படம் போட்டால் தனி.
பெயர்: ஒட்டிலியா வென்ட்ஸ்.
வயது: தொண்ணூற்று நான்கு.
ஊர்: வடக்கு டகோட்டாவில், ஆற்றுக்கு மேற்கே.
தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"இல்லத்தரசி என்று போடு, வேறென்ன" என்றான் டெல்மர்.

அரசிதான்.
ஆண்டது முந்நூறு கோழிகளை,
ஒழுகும் ஒரு கூரையை,
வாசலில் சேற்றோடு கழற்றிப் போட்ட
ஆறு பேரின் காலணிகளை.
சர்க்கரைக் கிழங்கு அறுவடையில்
இரவு இரண்டு மணிக்கும்
லாரிக்காரர்களுக்குச் சூடாகச் சூப்பு இருக்கும்.
அவள் எப்போது சாப்பிட்டாள் என்று
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால்
வங்கி இலவசமாகக் கொடுக்கும் காலண்டர்.
ஆண்டு முடிந்தாலும் எறியமாட்டாள்.
கல்யாணமான வருடம் தொடங்கி
கை நடுங்கத் தொடங்கிய வருடம்வரை
அறுபத்தொன்பது காலண்டர்கள்
நிலவறையில், பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்,
மாவுச் சாக்கில் கட்டிக் கிடந்தன.

கட்டத்துக்குக் கட்டம் பென்சில் எழுத்து.
"காற்று வடமேற்கு. முட்டை பதினொன்று. ரொட்டி."
"பனி. முட்டை நான்கு.
போதகர் வந்தார். நிறையச் சாப்பிட்டார்."

நான் பிறந்த நாளைத் தேடினேன்,
யாருக்கும் இருக்கும் ஆசைதானே.
"பெண். ஏழு பவுண்டு. எமில் பள்ளத்திலிருந்து
பசுவை இழுத்துப் போட்டார். பசு பிழைத்தது."
பெண் பிழைத்ததா என்று எழுதவில்லை.
இடம் இல்லை, கட்டம் ஓர் அங்குலம்.

ரேமண்டை ஆறு கொண்டுபோன நாளில்
"முட்டை ஒன்பது."
அவ்வளவுதான்.
ஒன்பதின் வால் மட்டும்
தாளைத் துளைத்துக்கொண்டு
அடுத்த மாதத்துக்குள் இறங்கியிருந்தது.

பிறகு அறுபத்தேழாம் வருடம், அக்டோபர்.
ஆறு கட்டங்கள் வெறுமையாக.
பென்சில் படவே இல்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அறுபத்தொன்பது வருடங்களில்
வேறெங்கும் அப்படி இல்லை.

அப்பாவிடம் கேட்டேன்.
சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று
தொண்ணூற்றேழு வயதிலும் தெரியாதவர்.
காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.
"டுலூத் போனாள். பஸ்ஸில். ஏரி பார்க்க."
எதற்கு?
"கேட்கவில்லை."
கொஞ்ச நேரம் கழித்து,
"பெரிய ஏரி. அக்கரை தெரியாதாம்."

தெரிந்தால்தானே
பச்சையா இல்லையா என்று சொல்ல முடியும்.

"சிவப்புக் கையுறை போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.
கோழிகளுக்குத் தீனி வைத்தீர்களா என்று கேட்டாள்.
வைத்தேன் என்றேன்.
இரண்டு நாள் மறந்துபோயிருந்தேன்."
அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?
"ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்."

ஏழாவது கட்டத்தைப் பார்த்தேன்.
"காற்று தெற்கு. முட்டை மூன்று. ரொட்டி."
மூன்று.
எண்ணத் தெரிந்தவளிடம்
பொய் சொல்லியிருக்கிறார் மனிதர்.
அவளும் அறுபது வருடத்துக்கு மேல்
அந்தப் பொய்யை உடைக்காமல் வைத்திருந்திருக்கிறாள்,
முட்டையைப் போல.

எனக்கு அப்போது ஐந்து வயது.
நாளெல்லாம் அவித்த முட்டை தின்றதும்
ஜன்னலில் மூக்கை அழுத்தி நின்றதும் நினைவிருக்கிறது.
கையுறை நினைவில்லை.
அலமாரி, தையல் பெட்டி, தேவாலயக் கோட்டின் பைகள்,
எல்லாம் கொட்டித் தேடினோம்.
கிடைக்கவில்லை.
தேடியது தப்போ என்று டெல்மர்தான் முதலில் நிறுத்தினான்.

"அன்பு மனைவி" என்று எழுதினேன்.
"தன்னையே கொடுத்த தாய்."
இரண்டும் உண்மை, எட்டு டாலர்.
அதற்குக் கீழே ஒரு வரி விட்டு
மற்றதை எழுதினேன்: தேதி, தேவாலயம்,
மலர்களுக்குப் பதில் நூலகத்துக்கு நன்கொடை.

கவுண்டரில் இருந்த பெண்
பென்சில் முனையால் அந்த இடத்தைத் தட்டினாள்.
"இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது."
இல்லை என்றேன்.
"வெற்று வரிக்கும் நான்கு டாலர்தான், தெரியும் இல்லையா?"

சில்லறையாகவே எண்ணி வைத்தேன்.